மறுமொழி: லூபஸ் நோயில் ‘தன்பொருளெதிரி’

அன்புடையீர், வணக்கம்.

நோயெதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்கும் நோய் லூபஸ். அதில் உருவாகும் ‘ஆட்டோஆன்டிபாடி’ (சொந்த உடலையே எதிர்க்கும் ஆன்டிபாடி) என்பதற்குத் ‘தற்பிறபொருளெதிரி’ என்ற சொல், மருத்துவக் கலைச்சொற்கள் குறித்த இவ்விழையில் முன்மொழியப்பட்டுள்ளது. இதை என்னால் ஏற்க இயலவில்லை. ஆன்டிபாடியைக் குறிக்கும் பிறபொருளெதிரி நல்ல சொல். கிருமி போன்ற அயற்பொருளை எதிர்ப்பது என்று தன் வேலையைத் தானே சொல்லிவிடுகிறது. லூபஸில் நடப்பதோ நேர்மாறு. உடலின் சொந்த உயிரணுக்கள் மடியும்போது வெளிப்படும் டி.என்.ஏ.வையும் உட்கருப் புரதங்களையும் அயலென்று கொண்டு, நோயெதிர்ப்பு மண்டலம் அவற்றுக்கு எதிரிகளை உருவாக்குகிறது. இரண்டும் பிணைந்த திரள்கள் சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளில் படிய, அங்கே நிரப்புப் புரதங்கள் (நோயெதிர்ப்புக்குத் துணைசெய்யும் ‘காம்ப்ளிமென்ட்’ புரதங்கள்) தூண்டப்பட்டு அழற்சி மூள்கிறது. சிறுநீர் நுரைப்பதும், காலையில் இமைகள் வீங்கியிருப்பதும், இரத்தப் பரிசோதனையில் சி3, சி4 என்னும் நிரப்புப் புரதங்களின் அளவுகள் குறைந்து காணப்படுவதும் இதன் விளைவுகளே. தாக்கப்படுவது தன்பொருளாக இருக்கையில் பெயருக்குள் ‘பிற’ எதற்கு? ‘தன்பொருளெதிரி’ என்பதே என் பரிந்துரை.

உயிரணுவின் உட்கருவை (நியூக்ளியஸ்) எதிர்க்கும் ஆன்டிபாடிகளைக் கண்டறியும் ஏ.என்.ஏ. இரத்தப் பரிசோதனைக்குக் ‘கருவெதிரிச் சோதனை’ என்ற பெயரை அருள்கூர்ந்து கைவிட வேண்டுகிறேன். லூபஸ் கண்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் பிள்ளைப்பேற்று வயதினர். ‘கருவெதிரி உள்ளது’ என்ற அறிக்கையைக் கையில் வாங்கும் பெண், தன் வயிற்றுப் பிள்ளைக்கு எதிரான ஏதோ ஒன்று இரத்தத்தில் இருப்பதாகவே எண்ணுவாள். ஆன்டி-ரோ என்ற தன்பொருளெதிரி நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவின் இதயத்துடிப்பைச் சில வேளைகளில் பாதிக்கக்கூடும் என்பதால், ஏ.என்.ஏ. முடிவையும் இந்தப் பாதிப்பையும் குழப்பிக்கொள்ள இடந்தரவே கூடாது. பள்ளிப் பாடநூல்களில் பழகிய ‘உட்கரு’ இருக்கிறது. ‘உட்கருசார் தன்பொருளெதிரி’ என்பது நீளந்தான், ஆனால் ஐயத்துக்கு இடம் வைக்காது. நலமாக இருப்பவர்களுக்கும் இச்சோதனை நேர்மறையாக வரக்கூடும் என்பதை அகராதிக் குறிப்பில் சேர்த்துவிடலாம்.

‘சிஸ்டமிக் லூபஸ்’ என்ற நோய்ப்பெயரில் வரும் ‘சிஸ்டமிக்’ என்பதற்கு ‘முறையான’ என்று எழுதுவது பொருளற்றது. ‘பரவிய’ என்றால் தொற்றுநோயென்று அஞ்சி வீட்டாரே ஒதுங்கக்கூடும், லூபஸ் தொற்றாது. தோல், மூட்டு, சிறுநீரகம், நுரையீரல் உறை, மூளை எனப் பல இடங்களைத் தாக்குவதால் ‘பல்லுறுப்பு லூபஸ்’ எனலாம். தோலோடு நிற்கும் வகைக்குத் ‘தோல் லூபஸ்’ போதும். லூபஸ் என்ற பெயரை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்துக்கொள்வோம். மருத்துவரும் நோயாளியும் ஏற்கெனவே அதைத்தான் சொல்கிறார்கள்.