திருப்பதியில் ஃபிளாட் லீசுக்கு எடுத்து தினவாடகைக்கு விட்டால் தேறுமா?

கொருக்குப்பேட்டை_கேட்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகக் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீடு கொருக்குப்பேட்டை, வேலை ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில். மச்சானுக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக, திருப்பதியில் கபில தீர்த்தம் ரோட்டை ஒட்டி இரண்டு பெட்ரூம் ஃபிளாட் ஒன்று மூன்று வருட லீசுக்கு வந்திருக்கிறது. 15 லட்சம் கட்ட வேண்டும், மாத வாடகை கிடையாது, போகும்போது பணம் அப்படியே திரும்பி வந்துவிடும். அதில் ஏசி, கட்டில் போட்டு ஏர்பிஎன்பி மாதிரி ஆப்பில் விட்டால் நாளைக்கு 3,000, மாதம் 90,000, எல்லாமே லாபம் என்கிறார் அவர். திருப்பதியில் என்றைக்காவது கூட்டம் இல்லாமல் இருந்திருக்கிறதா என்று கேட்கிறார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. பாதிப் பணம் கையில் இருக்கிறது, மீதிக்கு வீட்டு நகையைத்தான் வைக்க வேண்டும். வீட்டில் பெருமாள் காரியம் என்று சரி சொல்லிவிட்டார்கள், எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. யாராவது செய்து பார்த்தவர்கள் இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

மாதவரம்_ரவுண்டானா

தம்பி, அந்த 90,000 கணக்கை முதலில் கிழித்துப் போடுங்கள். நானும் ஒரு கூட்டாளியும் மலை அடிவாரத்தில் அலிபிரி பக்கம் இதே மாதிரி ஒரு ஃபிளாட்டை இரண்டு வருடம் ஓட்டினோம். நஷ்டம் என்று சொல்ல மாட்டேன், லாபம் என்று சொல்லவும் வாய் கூசுகிறது.

திருப்பதிக்கு வருகிறவர் தங்குவதற்காக வருவதில்லை. குளிக்க, பையை வைக்க, நாலு மணி நேரம் முதுகைச் சாய்க்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். ராத்திரி 11 மணிக்கு வேனில் வந்து இறங்குவார்கள், மலைப்பாதை கேட் 3 மணிக்குத் திறக்கும் என்று 2 மணிக்கே குழந்தைகளை எழுப்பிக் குளிப்பாட்டிக் கிளம்பிவிடுவார்கள். கொடைக்கானலில் ஒரு குடும்பம் வந்தால் மூன்று நாள் இருக்கும், ஒரு தடவை பெருக்கித் துடைத்து பெட்ஷீட் மாற்றினால் போதும். இங்கே ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு சலவை, ஒரு துடைப்பு, ஒரு சாவி ஒப்படைப்பு. வாடகையில் எவ்வளவு இதற்கே போகிறது என்பது மூன்றாவது மாதம்தான் எங்களுக்கு உறைத்தது.

இன்னொன்று, உங்களுக்குப் போட்டி பக்கத்துத் தெரு ஓட்டல் இல்லை, தேவஸ்தானம். பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஸ்ரீனிவாசம், ரயில்வே ஸ்டேஷன் எதிரில் விஷ்ணு நிவாசம், மலை மேலே போனால் 50 ரூபாய், 100 ரூபாய்க்கெல்லாம் ரூம். அந்த விலைக்கு யார் கொடுக்க முடியும்? ஆனால் அங்கே ரூம் கிடைக்காதவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் நம் பிழைப்பு. மாதாமாதம் 24-ம் தேதி வாக்கில் காலை 10 மணிக்கு மூன்று மாதம் தள்ளி உள்ள 300 ரூபாய் தரிசன டிக்கெட் ஆன்லைனில் திறக்கும், மதியம் 3 மணிக்கு ரூம் கோட்டா திறக்கும். தரிசனம் கிடைத்து ரூம் கிடைக்காதவர்கள் அன்று சாயங்காலமே நமக்கு போன் போட ஆரம்பிப்பார்கள். எங்களுக்கு வந்த நல்ல புக்கிங் பாதி அப்படித்தான் வந்தது. இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு டெம்போ டிராவலரில் பத்துப் பேர், கூட ஒரு பாட்டி, ஒரு கைக்குழந்தை, பால் காய்ச்ச அடுப்பு வேண்டும். அவர்களுக்கு ஓட்டலில் மூன்று ரூம் போடுவதைவிட நம் ஃபிளாட் மலிவு. தனியாக வருகிறவரும் புதுசாகக் கல்யாணமான ஜோடியும் நம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

வெள்ளி, சனி, ஞாயிறு நிறையும். செவ்வாய், புதன் காற்று வாங்கும். நல்ல மாதத்திலேயே முப்பது ராத்திரியில் பதினேழு, பதினெட்டுதான் எங்களுக்குத் தேறியது, அதிலும் வாரநாளில் பாதி விலை.

அப்புறம் தலையணை உறை. சிரிக்காதீர்கள். மொட்டை போட்டு, தலை நிறைய சந்தனம் அப்பிக்கொண்டு வந்து படுப்பார்கள். ஓட்டல் மாதிரி இருக்கட்டும் என்று வெள்ளை உறையாக வாங்கியிருந்தோம், ஒரே ராத்திரியில் நடுவில் ஒரு மஞ்சள் வட்டம், துவைத்தாலும் போகாது. இரண்டாவது மாதம் லாண்டரிக்காரர் இனிமேல் கொண்டுவராதீர்கள் என்று மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வந்து சந்தன நிறத்திலேயே நாற்பது உறை வாங்கிப் போனேன். அந்தத் தொழிலில் நான் எடுத்த ஒரே புத்திசாலித்தனமான முடிவு அதுதான்.

காசிமேடு_வலை

அண்ணன் சொன்னது சரிதான், சீசன் கணக்கை நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மீன் வியாபாரம், புரட்டாசி வந்தால் காசிமேட்டில் வாங்க ஆள் குறையும், விலை இறங்கும். அதே மாதம்தான் திருப்பதியில் ரூம் விலை ஏறும், அதிலும் சனிக்கிழமை கேட்கவே வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்காகவே சித்தப்பா அங்கே ஒரு வீட்டில் பங்கு போட்டார், இங்கே விழுந்ததை அங்கே பிடிக்கலாம் என்று. யோசனை என்னவோ நல்ல யோசனைதான்.

ஆனால் பெரிய கூட்டம் என்றால் பெரிய வருமானம் என்று நினைக்காதீர்கள். சென்னையில் இருந்து யானைக்கவுனி தாண்டித் திருப்பதிக் குடை போகிறதே, அந்தப் பிரம்மோற்சவத்தில் கருட சேவை அன்று ஜனம் லட்சக்கணக்கில் மலை மேலே கோயிலைச் சுற்றி உள்ள மாட வீதியிலேயே உட்கார்ந்திருக்கும், கீழே ரூம் எடுத்துப் படுக்க வராது. சித்தப்பா அன்றைக்கு மூன்று மடங்கு விலை வைத்துவிட்டு ஈ ஓட்டினார். அதற்கு முந்தின சனிக்கிழமை சாதாரண விலைக்கே நிறைந்திருந்தது. 2023-ல் தெலுங்குப் பஞ்சாங்கத்தில் அதிக மாசம், அதாவது கூடுதலாக ஒரு மாதம், வந்து இரண்டு பிரம்மோற்சவம் நடந்ததே, அப்போதும் இதே கதைதான். நம்பலாம் என்றால் கோடை லீவு, வைகுண்ட துவார தரிசனம் நடக்கும் பத்து நாள், நீளமான வார இறுதி. பரீட்சை மாதத்தில் படுத்துவிடும்.

கூட்டம் இல்லாத நாள் உண்டா என்று கேட்டாராமே அந்தப் புரோக்கர்? கொரோனா சமயத்தில் 2020 மார்ச் 20 முதல் ஜூன் முதல் வாரம் வரை பக்தர்களுக்குக் கோயிலே கிடையாது. அந்த இரண்டரை மாதமும் கரண்ட் பில்லும் மெயின்டனன்ஸும் கட்டித்தான் தீர வேண்டியிருந்தது.

பெரம்பூர்_லோகோ

சென்னைக்காரர்கள் நாம் யாரும் அங்கே ராத்திரி தங்குவதில்லை என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறோம். மாதவரத்தில் பஸ் ஏறினால் நாலு மணி நேரம், தரிசனம் முடித்து அன்றைக்கே வீடு. உங்கள் வாடிக்கை பெங்களூரும் ஹைதராபாத்தும்தான். தெலுங்கு பேச வருமா? கொருக்குப்பேட்டை என்றால் வரும் என்று நினைக்கிறேன், பாதித் தெரு தெலுங்குதானே.

கணக்கு_அக்கா_தண்டையார்பேட்டை

எல்லாரும் வருமானத்தைப் பேசுகிறீர்கள், 15 லட்சத்தை யாரும் பேசவில்லை. தம்பி, மாத வாடகை இல்லை என்பதால் அது இலவசம் இல்லை. 7 சதவீதத்தில் டெபாசிட் போட்டாலே வருடத்துக்கு 1,05,000, அதாவது மாதம் 8,750 ரூபாய். அதுதான் உங்கள் வாடகை. பாதிக்கு நகையை வைத்தால் இன்னும் கூடும்.

அதைவிட முக்கியம், அந்த ஃபிளாட் மேல் ஓனர் வங்கியில் கடன் வாங்கியிருக்கிறாரா? வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், மூலப்பத்திரம் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். அவர் தவணை கட்டாமல் விட்டால் வங்கி வந்து பூட்டும், உங்கள் லீஸ் பணத்துக்கு நீங்கள் ஓனர் பின்னால் அலைய வேண்டும். மூன்று வருட லீஸ் என்றால் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். 20 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து நிற்காதீர்கள், வாரம் ஒருவர் அப்படி என் மேஜை முன்னால் வந்து நிற்கிறார். அந்தப் பத்திரத்திலேயே உள்வாடகைக்கு, அதுவும் தினவாடகைக்கு விடலாம் என்று தனியாக ஒரு வரி இருக்க வேண்டும். அசோசியேஷனிடமும் எழுதி வாங்குங்கள். மாதவரம் அண்ணன் சொன்ன அதே பத்துப் பேர் இரண்டு மணிக்கு லிஃப்டில் கோவிந்தா போட்டால் மேல்வீட்டுக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்?

ஜிஎஸ்டி பெரிய தலைவலி இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 வரை உள்ள ரூமுக்கு 5 சதவீதம்தான், முன்பு 12 இருந்தது. உங்கள் மொத்த வரவு வருடம் 20 லட்சத்துக்குள் இருந்து நீங்கள் பதிவு செய்யாதவராக இருந்தால், ஆப் மூலம் வரும் புக்கிங்குக்கு அந்த ஆப்தான் வரி கட்டும். மலேசியா, இலங்கையில் இருந்து நம் ஆட்கள் நிறைய வருவார்கள், வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் கொடுத்தாக வேண்டும், சி ஃபார்ம் என்பார்கள். மறந்தால் போலீஸ் வாசலில் நிற்கும். அங்கே உங்களுக்காக இதைச் செய்ய யார் இருக்கிறார்கள்?

கொருக்குப்பேட்டை_கேட்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, வங்கிக் கடன் பற்றி நேற்று ராத்திரி மச்சானிடம் கேட்டேன், அவன் புரோக்கரிடம் கேட்டான், அவர் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றாராம். பார்த்துக்கலாம் என்றால் இருக்கிறது என்றுதானே அர்த்தம். மாதவரம் அண்ணா, லீஸ் வேண்டாம், 11 மாத சாதா வாடகைக்கு ஒரு வீடு பார்த்து முயற்சி செய்தால் எப்படி? நகையைத் தொட வேண்டாம்.

மாதவரம்_ரவுண்டானா

அது பரவாயில்லை, போனாலும் அட்வான்ஸோடு போகும். வைகாசியில் பிடித்துவிடுங்கள், புரட்டாசிக்குள் நாலு நல்ல ரிவ்யூ வந்துவிடும். வீடு தரைத்தளமாகப் பாருங்கள், பாட்டிகளுக்கும் நல்லது, லிஃப்ட் சண்டையும் இல்லை. பாத்ரூம் இரண்டு கட்டாயம், பத்துப் பேர் ஒரு மணி நேரத்தில் குளிக்க வேண்டும், தொட்டி பெரிசாக இருக்க வேண்டும், கோடையில் லாரித் தண்ணீர்தான். பெருக்கித் துடைக்க அதே தெருவில் ஒரு அம்மா கிடைக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒரு ராத்திரி தங்கி காளஹஸ்திக்கு ராகு கேது பூஜைக்குப் போகிறவர்களைப் பிடித்தால் இரண்டாவது ராத்திரியும் சேர்ந்து வரும், கார் டிரைவர்களிடம் சொல்லி வையுங்கள்.

சந்தன நிற உறை என்னிடம் இன்னும் இருபத்தைந்து நல்லதாக இருக்கிறது. வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.

காசிமேடு_வலை

வரும்போது சொல்லுங்கள் அண்ணா, நானும் வருகிறேன். சித்தப்பா இன்னும் வெள்ளையில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.