ஆறு சக்கர லாரிக்கு 18.5 டன்: அந்த 62 சதவீதம் எங்கிருந்து வந்துச்சு?

சங்ககிரி லாரிக்காரன்
நேத்து டோல் திரியில ஒருத்தர் எழுதியிருந்தார்: "2018-ல ஆறு சக்கர லாரிக்கு லோடு கூட்டிக் கொடுத்ததுல ரோட்டுச் சேதம் 62 சதவீதம் ஏறிப்போச்சு." ஏனுங்க, வண்டியும் சரக்கும் சேத்து 16.2 டன் இருந்தது 18.5 ஆச்சு. கூடினது 2.3 டன், அதாவது 14 சதவீதம். 14 எப்படிங்க 62 ஆகும்? 22 வருஷமா வண்டி வச்சிருக்கேன், கழித்தல் எனக்கும் தெரியும்.

தார்ச்சட்டி
எழுதினது நான்தான். ரோட்டுக்கு உங்க மொத்த எடை தெரியாது. ஒவ்வொரு ஆக்சிலும், அதாவது சக்கரம் கோத்த அச்சும், எவ்வளவு அமுக்குதுங்கறதுதான் தெரியும். நாலு டயர் பின் ஆக்சில் 10.2 டன்ல இருந்து 11.5 ஆச்சு. சேதம் நாலாம் படியில ஏறும். 11.5-ஐ 10.2-ஆல வகுத்து, வர்றதை நாலு தடவை எழுதிப் பெருக்கிப் பாருங்க. 1.62.

சங்ககிரி லாரிக்காரன்
நாலாம் படியா? எங்க வீட்டு மச்சுப்படியா? யாருங்க சொன்னது?

தார்ச்சட்டி
அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா பக்கம், 1958-லிருந்து 1960 வரைக்கும், வளைய வளையமா ரோடு போட்டு லாரி ஓட்டியே அளந்தாங்க. ரோட்டுக்குத் தர விதி எழுதுற நம்ம ஐ.ஆர்.சி.யும் (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) அதை வச்சுத்தான் 8.16 டன் ஆக்சில் பண்ற சேதத்தை ஒண்ணுன்னு எண்ணுது. அந்தக் கணக்குல 10.2 டன் 2.44 மடங்கு, 11.5 டன் 3.94 மடங்கு. பாலிடெக்னிக் பையனுக்கே தெரியும்.

சங்ககிரி லாரிக்காரன்
முதல்ல 62, இப்ப 3.94. நாளைக்கு என்ன நம்பருங்க? அமெரிக்காவுல ரோடு போட்டாங்க சரி, இங்க முதல் மழைக்கே ஜல்லி மேல வருதே, அதுவும் என் பின் ஆக்சிலா? காண்ட்ராக்டர் ஆக்சில் எத்தனை டன்?

மலர்விழி_கணக்கு
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். லோடு கூடினா டிரிப் குறையுமே? வண்டி எடை 6 டன்னு வச்சா சரக்கு 10.2-ல இருந்து 12.5 ஆகுது. அதே சரக்குக்கு 100 டிரிப்புக்குப் பதிலா 82 போதும். அப்போ பின் ஆக்சில் கணக்குல சேதம் 62 இல்ல, கிட்டத்தட்ட 32.

சங்ககிரி லாரிக்காரன்
பாத்தீங்களா! அம்மணியே 62 தப்புன்னு சொல்லிட்டாங்க.

மலர்விழி_கணக்கு
நான் அப்படிச் சொல்லலைங்க.

ஆர்சி புக்
எல்லாரும் வெட்டியா அடிச்சுக்கறீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 113-ஆம் பிரிவு: ஆர்.சி.யில என்ன எடை இருக்கோ அதுக்கு மேல ஏத்தக்கூடாது. உங்க பழைய வண்டி ஆர்.சி.யில 16.2-ன்னு இருந்தா 16.2தான். மீறினா 194-ஆம் பிரிவுல அபராதம். முன்னாடி 2,000 ரூபாயும் டன்னுக்கு ஆயிரமும். 2019 செப்டம்பர்ல இருந்து 20,000, அதுக்கு மேல டன்னுக்கு 2,000. கூடுதல் சரக்கை இறக்குற செலவும் உங்க தலையில.

சங்ககிரி லாரிக்காரன்
ஆர்.சி. பத்தி யாரு கேட்டா? நான் கேட்டது 62.

பட்டை கட்டுறவன்
18.5 எவன் ஏத்தறான்? என் பட்டறைக்கு வர்ற டிப்பர் எல்லாம், சரக்கு அதிகம் புடிக்கப் பக்கத் தடுப்பை உசத்தி, பட்டை கூட்டிக் கட்டச் சொல்லித்தான் வருது. எம்-சாண்டு ஏத்தினா எடை மேடைப் பக்கமே போறதில்ல.

சங்ககிரி லாரிக்காரன்
நீங்கதானே போன மாசம் ரீட்ரேடிங் டயர் திரியில என்னைக் கஞ்சன்னு சொன்னது? இப்ப டிப்பர்காரன் தப்புக்கு லாரிக்காரன் பேரையும் சேத்து நாறடிக்கறீங்க. பட்டை கூட்டிக் கட்டிக் காசு வாங்கினது யாருங்க?

பட்டை கட்டுறவன்
கஞ்சனைக் கஞ்சன்னுதான் சொல்ல முடியும். பாக்கி 1,800 இன்னும் வரலை.

தார்ச்சட்டி
விஷயத்துக்கு வாங்க. லோடு கூட்டிக் கொடுத்ததை அப்ப நீங்க கைதட்டித்தானே வாங்கிக்கிட்டீங்க?

சங்ககிரி லாரிக்காரன்
யாரு தட்டினா? ஜூலை 16 அறிவிப்பு, 20-ஆம் தேதி ஸ்டிரைக். எட்டு நாள் வண்டி நின்னுச்சு. நாங்க கேட்டது டீசல், டோல், இன்சூரன்ஸ். லோடு கூட்டுங்கன்னு நான் கேக்கவே இல்ல. கூட்டினதுல வாடகை கூடுச்சா? முன்னாடி ஆறு வண்டி கூப்பிட்ட பார்ட்டி இப்ப அஞ்சோட நிறுத்திக்கறான். அந்த ஆறாவது வண்டி நம்முது. சும்மா நிக்குது.

தார்ச்சட்டி
அட, அப்போ நாம ரெண்டு பேரும் ஒரே பக்கம்தானே! 18.5 வேண்டாம்னுதான் நானும் சொல்றேன்.

சங்ககிரி லாரிக்காரன்
ஒரே பக்கமெல்லாம் இல்லீங்க. 62-க்குப் பதில் சொல்லிட்டு அப்பறம் பக்கம் சேருங்க.

ஆர்சி புக்
இன்னொண்ணு, ஓட்டினவனுக்கு மட்டுமில்ல, ஓட்டவிட்ட ஓனருக்கும் சேத்துத்தான் 194. நிறுத்தி எடை போட மறுத்தா 40,000.

சங்ககிரி லாரிக்காரன்
நீங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் புரோக்கரா?

பத்து டயர்
சண்டைக்கு நடுவுல ஒரு டவுட். என்னுது பத்து சக்கரம், 25-ல இருந்து 28 ஆன வகை. அதுக்கும் 62 தானா?

தார்ச்சட்டி
இல்ல தம்பி. பின்னாடி ரெட்டை ஆக்சில் 19-ல இருந்து 21. நாலாம் படி போட்டா 49 சதவீதம்.

சங்ககிரி லாரிக்காரன்
62 இறங்கி 49-க்கு வந்தாச்சு. இன்னும் ரெண்டு பக்கம் திரி ஓடட்டும், என் 14-க்கே வந்துருவாரு.