ஹைடனின் ‘காலை’ சிம்பொனி: ஆளாளுக்கு ஒரு சோலோ ஏன்?

பீனிக்ஸ்_வயலின் (டர்பன்)

எல்லாருக்கும் வணக்கம். டர்பன் பக்கம் ஒரு சின்ன அமெச்சூர் இசைக்குழுவில் இரண்டாம் வயலின் வாசிக்கிறேன். எல்லாரும் வந்தால்கூட பதினைந்து பேர் தேறுவது கஷ்டம், லோட்ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) இருந்த காலத்தில் அதுவும் இல்லை. இந்த முறை எங்கள் கண்டக்டர் 18ஆம் நூற்றாண்டு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனின் 6ஆம் சிம்பொனியை எடுத்திருக்கிறார், ‘லெ மத்தான்’, அதாவது ‘காலை’ என்று பெயர் வைத்த டி மேஜர் சிம்பொனி.

எனக்குக் குழப்பம் என்னவென்றால், சிம்பொனி என்றால் எல்லாரும் சேர்ந்து வாசிப்பது, கான்செர்ட்டோ என்றால் ஒருவர் முன்னால் நின்று வாசிக்க மற்றவர்கள் பின்னால் தாங்குவது, இப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இதில் பார்த்தால் புல்லாங்குழல் ஒரு பக்கம் தனியாக ஓடுகிறது, முதல் வயலினும் செல்லோவும் இரண்டாம் பகுதி முழுக்கத் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன, மினுவெட் என்ற நடனப் பகுதியின் நடுவில் பேசூனும் (நாணல் வைத்து ஊதும் தடித்த குழல்) டபுள் பேஸும் மேடையைப் பிடித்துக்கொள்கின்றன. டபுள் பேஸுக்கு சோலோ! எங்கள் பேஸ்காரர் தன் வாத்தியத்தைப் பக்கியில் (பிக்-அப் வண்டியில்) கட்டி ஏற்றிக்கொண்டு வருகிறவர், வழக்கமாக ஜாஸ் வாசிப்பவர். தாளைப் பார்த்துவிட்டு இதை எழுதின ஆள் தன்மேல் என்ன கோபத்தில் இருந்தார் என்று கேட்டார்.

அப்புறம் நடைமுறைப் பிரச்சினை ஒன்று. எங்கள் முதல் வயலின் அக்கா சோலோ வரும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன் என்கிறார், செல்லோக்காரருக்கு அது பிடிக்கவில்லை. இது சிம்பொனியா, கான்செர்ட்டோவா, ஏன் இப்படி எழுதினார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மாரிட்ஸ்பர்க்_செல்லோ

தம்பி, எழுதிய வருஷத்தைப் பாருங்கள், 1761. அந்த வருஷம் மே 1ஆம் தேதிதான் ஹைடன் எஸ்டெர்ஹாஸி இளவரசர் பால் அன்டனிடம் துணைக் கபெல்மைஸ்டராக, அதாவது அரண்மனை இசைக்குழுவின் துணைத் தலைவராக, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். வயது 29. மேலே வெர்னர் என்று வயதான கபெல்மைஸ்டர் இருந்தார், கோயில் இசை அவர் கையில், மற்றதெல்லாம் ஹைடன் பொறுப்பு. அந்த ஒப்பந்தத்தைப் படித்தால் வேடிக்கையாக இருக்கும்: சீருடை போட வேண்டும், வெள்ளைக் காலுறை, தலைக்குப் பவுடர், தினமும் மதியத்துக்கு முன்னும் பின்னும் வாசல் அறையில் வந்து நின்று இன்று இசை வேண்டுமா என்று கேட்க வேண்டும், வாத்தியக்காரர்களோடு சாப்பாடு குடி என்று ரொம்ப நெருங்கிவிடக் கூடாது, ஆனால் அவர்களுக்குள் சண்டை வந்தால் தீர்த்துவைக்க வேண்டும். சம்பளம் வருஷத்துக்கு 400 கில்டர்.

இப்போது அந்த இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். புது முதலாளி, புதுச் சகாக்கள், அவர்களில் சிலர் உங்களைவிடப் பழைய ஆட்கள். லூயிஜி தொமாசினி என்ற இத்தாலிய வயலின்காரர் ஹைடனுக்கு முன்பே அங்கே வேலைக்கு வந்தவர், முதலில் இளவரசரின் அறைப் பணியாளராகச் சேர்ந்தவர். செல்லோவுக்கு யோசெஃப் வைகல். குழுவே ஏறக்குறைய உங்கள் குழு அளவுதான் இருக்கும். இந்த ஆட்களை வைத்துக்கொண்டு 6, 7, 8 என்று காலை, நண்பகல், மாலை மூன்று சிம்பொனி எழுதுகிறார். ஒவ்வொருவருக்கும் தன் வித்தையைக் காட்ட ஓர் இடம். இளவரசருக்குத் தான் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆட்கள் எவ்வளவு பெரியவர்கள் என்று தெரிகிறது, ஆட்களுக்குப் புது அதிகாரி நம்மைக் கவனிக்கிறார் என்று தெரிகிறது. என்னைக் கேட்டால் இந்த சோலோக்களுக்குக் காரணம் இசை இலக்கணத்தில் பாதி, வேலையிடத்து அரசியலில் பாதி.

இளவரசரின் ரசனையும் உண்டு. 1750 வாக்கில் நேப்பிள்ஸில் தூதராக இருந்தவர், இத்தாலிய இசை பழகிய காது. சின்ன சோலோ கூட்டம் ஒரு பக்கம், மொத்தக் குழு மறுபக்கம் என்று மாறி மாறி வாசிக்கும் கான்செர்ட்டோ கிரோஸோ அந்தத் தலைமுறைக்குப் பழக்கமான சங்கதி. ஹைடன் அந்தப் பழக்கத்தை சிம்பொனிக்குள் கொண்டுவந்து போட்டார். சிம்பொனி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று 1761இல் யாரும் சட்டம் போட்டிருக்கவில்லை, அதனால் உங்கள் ‘சிம்பொனியா கான்செர்ட்டோவா’ கேள்வி அவருக்கே புரிந்திருக்காது.

---

ஜோபர்க்_ரசிகன்

நல்ல கேள்வி. நம் ஆட்களுக்கு இது புரிய ரொம்ப தூரம் போக வேண்டாம், தனி ஆவர்த்தனம்தான். கச்சேரியில் பாட்டு முடிந்ததும் மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் இடம் விடுகிறோம் இல்லையா, அதே மரியாதை.

சோலோதான் வேண்டும் என்றால் 31ஆம் சிம்பொனியைக் கேளுங்கள், 1765, ‘ஹார்ன் சிக்னல்’. நான்கு ஹார்ன். கடைசிப் பகுதி ஒரு சாதாரண மெட்டும் அதன் மாறுபாடுகளும், ஓபோவுக்கு ஒன்று, செல்லோவுக்கு ஒன்று, புல்லாங்குழல், ஹார்ன், வயலின் என்று வரிசையாக வந்து டபுள் பேஸ் வரை போகும். 6ஆம் எண்ணைவிட அதுதான் சுத்தமாக எழுதியது என்பது என் கருத்து.

---

மாரிட்ஸ்பர்க்_செல்லோ

அண்ணா, 31 நல்ல சிம்பொனிதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் ‘சுத்தம்’ என்று சொல்வதுதான் எனக்கு அதில் குறை. ஆளுக்கு ஒரு முறை, அடுத்தவர் வாங்க, அடுத்தவர் வாங்க என்று போகிறது. தனி ஆவர்த்தனம் என்று நீங்கள் சொன்னது அதற்குப் பொருந்தும், 6க்குப் பொருந்தாது. தனியில் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு தாளம் போடுவார்கள். ‘காலை’யில் யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. சோலோ ஆள் கூட்டத்திலிருந்து நாலு மாத்திரை எட்டிப் பார்ப்பார், மறுபடி கூட்டத்தில் சேர்ந்துவிடுவார்.

தொடக்கத்தையே பாருங்கள். ஆறே பட்டை (தாளக் கட்டம், ‘பார்’) நீளமுள்ள அடாஜியோ, அதாவது மெதுவான பகுதி, வயலின்கள் கேட்டும் கேட்காமலும் தொடங்கி, ஒவ்வொரு வாத்தியமாகச் சேர்ந்து முழுச் சத்தத்துக்கு வரும், சூரிய உதயம் அது. உடனே வேகமான அல்லெக்ரோ, கருவை எடுத்துக் கொடுப்பது புல்லாங்குழல், தனியாக. பதில் சொல்வது ஓபோக்கள். பாதியில் எல்லாம் சுற்றி அலைந்து கரு திரும்பி வர வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னாலேயே ஹார்ன் அவசரப்பட்டு அதை வாசித்துவிடும், அப்புறம்தான் புல்லாங்குழல் முறைப்படி வரும். பீத்தோவன் ‘எரோயிகா’ சிம்பொனியில் செய்த அதே குறும்பு, நாற்பது வருஷத்துக்கும் மேல் முன்னாலேயே! ஹார்னுக்கு அங்கே மொத்தம் இரண்டு மூன்று பட்டைதான், ஆனால் முதல் பகுதியில் எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்வது அதைத்தான்.

இரண்டாம் பகுதி உங்களுக்குப் பிடிக்கும் தம்பி, கர்நாடக சங்கீதம் கொஞ்சமாவது படித்திருந்தால். காற்று வாத்தியம் எதுவும் கிடையாது, தந்தி வாத்தியங்கள் மட்டும். மெதுவாக ஸ்வர ஏற்றம் ஒன்றை வாசிக்கும், அச்சு அசல் சரளி வரிசை, நடுவில் சோலோ வயலின் புகுந்து பாடம் நடத்துகிற வாத்தியார் மாதிரி அலங்காரம் போட்டுக் காட்டும். இதைப் பாட்டு வகுப்பைக் கிண்டல் செய்வதாகவே பலர் சொல்கிறார்கள். அப்புறம் நடுப்பகுதி ஆந்தான்தே (மிதமான நடை) வந்ததும் கிண்டலெல்லாம் போய்விடும், வயலினும் செல்லோவும் உண்மையாகவே பேச ஆரம்பிக்கும். தொமாசினி, வைகல் இருவருக்கும் தனித்தனியே கான்செர்ட்டோவும் எழுதிக் கொடுத்தவர் ஹைடன். தன் படைப்புப் பட்டியலில் ஒரு வயலின் கான்செர்ட்டோவுக்கு ‘லூயிஜிக்காகச் செய்தது’ என்றே குறித்திருக்கிறார். வைகலுக்காக எழுதினதாகச் சொல்லும் சி மேஜர் செல்லோ கான்செர்ட்டோ இருநூறு வருஷம் காணாமல் கிடந்து 1961இல் பிராகில் கிடைத்தது. எங்களை மாதிரி செல்லோக்காரர்களுக்கு அது லாட்டரி.

எழுந்து நிற்கிற விஷயம்: வேண்டாம் என்பேன். நின்றால் கேட்கிறவர்களுக்கு அவர் ‘சோலோயிஸ்ட்’ ஆகிவிடுவார், அடுத்த பட்டையில் அவர் எல்லாரோடும் சேர்ந்து வாசிக்கும்போது கண் குழம்பும். உட்கார்ந்தே வாசிக்கட்டும், மற்றவர்கள் சத்தத்தைக் குறைத்து இடம் விட்டால் போதும். அக்கா நிற்பேன் என்றே அடம் பிடித்தால் செல்லோக்காரரும் நிற்கட்டும், பார்ப்போம்.

---

பேஸ்காரன்_வெருலம்

உங்கள் பேஸ் நண்பருக்கு என் ஆழ்ந்த அனுதாபம் :)

ஆனால் கோபம் ஹைடன்மேல் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த மூன்று சிம்பொனியிலும் மினுவெட்டின் நடுவில் வரும் ட்ரியோ பகுதியில் பேஸுக்கு சோலோ உண்டு, ஆனால் அதை வாசித்த வாத்தியம் வேறு. அன்றைக்கு வியன்னா பக்கம் வயலோனே என்று புழங்கியது ஐந்து தந்தி வாத்தியம், கழுத்தில் வீணை மாதிரி மெட்டுகள் கட்டியிருக்கும், சுருதி கீழிருந்து எஃப், ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ. அதாவது மேல் தந்திகளைச் சும்மா மீட்டினாலே டி மேஜர் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வந்துவிடும். அதில் டி மேஜர் சிம்பொனி எப்படி விரலுக்கு அடங்கும் என்று யோசித்துப் பாருங்கள். நம்மிடம் இருப்பது இ, ஏ, டி, ஜி, நான்கு தந்தி, மெட்டு இல்லை. அன்று பக்கத்து விரலில் கிடைத்த ஸ்வரத்துக்கு இன்று கை ஒரு ஊர் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

என் அனுபவத்தில் மூன்று வழி. வேகத்தைக் குறையுங்கள், மினுவெட்டை அவசரப்படுத்துவதால் யாருக்கும் லாபம் இல்லை. கஷ்டமான இடத்தை மேலே கட்டைவிரல் நிலையில் (கட்டைவிரலையும் தந்திமேல் வைத்து வாசிக்கும் முறை) வைத்துப் பழகச் சொல்லுங்கள், ஜாஸ் ஆளுக்கு அது புதிதல்ல. கூடவே வாசிக்கும் வயோலாவையும் செல்லோவையும் பாதிச் சத்தத்துக்கு இறக்குங்கள், இதுதான் முக்கியம், ஏனென்றால் பேஸ் மேல் ஸ்தாயியில் மெலிந்து ஒலிக்கும், கொஞ்சம் சத்தம் வந்தாலும் மூழ்கிவிடும். அந்த ட்ரியோ டி மைனரில் இருக்கிறது, முகம் கொஞ்சம் இருண்டது, அதை நகைச்சுவையாக வாசிக்காதீர்கள். யானை ஆடுகிற மாதிரி பேஸை வைத்துச் சிரிப்பு மூட்டுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

பிப்ரவரியில் கச்சேரி என்றால் நம் ஊர் ஈரக்காற்றில் விலங்குக் குடலில் செய்த பழைய வகைத் தந்தி போடும் ஆசை வேண்டாம், சாதாரண உலோகத் தந்தியே போதும்.

---

பீனிக்ஸ்_வயலின் (டர்பன்)

அடேங்கப்பா, ரொம்ப நன்றி. அக்காவிடம் நிற்க வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை, இந்த இழையைக் காட்டிவிடுகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். எங்களிடம் பேசூன் இல்லை, ட்ரியோவில் அதை செல்லோவுக்குக் கொடுக்கலாமா? அப்புறம் கேட்டுப் பழக எந்தப் பதிவு நல்லது?

---

மாரிட்ஸ்பர்க்_செல்லோ

கொடுக்கலாம், ஆனால் கொடுக்காதீர்கள். செல்லோ துணைக்கு வாசிக்க வேண்டிய இடம் அது, தவிர அந்த நாணல் சத்தமும் பேஸும் சேர்வதில்தான் ட்ரியோவின் சுவையே. ஹவர்ட் காலேஜ் வளாகத்தில் பல்கலைக்கழக இசைத் துறை இருக்கிறது, அங்கே பேசூன் படிக்கிற மாணவர் யாராவது உண்டா என்று விசாரியுங்கள், மேடை கிடைக்கிறது என்றால் சந்தோஷமாக வருவார்கள். பெட்ரோல் காசு மட்டும் கொடுத்துவிடுங்கள்.

பதிவு என்றால் இரண்டு சொல்வேன். ட்ரெவர் பின்னக் நடத்திய இங்லிஷ் கான்செர்ட் பதிவு, பழைய வகை வாத்தியங்கள், சின்னக் குழு, உங்கள் அளவுக்கு நெருக்கமானது. இன்னொன்று ஆடம் ஃபிஷர் நடத்தியது, ஐசென்ஸ்டாட்டில் எஸ்டெர்ஹாஸி அரண்மனை மண்டபத்திலேயே பதிவு செய்தது, அங்கே எதிரொலி கொஞ்சம் கூடுதல். முதலில் பின்னக்கைக் கேளுங்கள், பேஸ் நண்பரையும் கேட்கச் சொல்லுங்கள்.

---

ஜோபர்க்_ரசிகன்

தனி ஆவர்த்தனம் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை, அது வேறு இழையில். கச்சேரி தேதி முடிவானதும் இங்கே போடுங்கள், அந்த வாரக் கடைசியில் டர்பனில் இருந்தால் வருகிறேன்.