மூக்குத்தண்டை நேராக்கினால் சிபாப் வேண்டாமாம்!

காவிரிக்கரையான்:
"மூக்குத்தண்டு வளைவை ஆபரேஷனில் நேராக்கினால் ஸ்லீப் அப்னியா (தூக்கத்தில் அடிக்கடி மூச்சு நிற்கும் நோய்) போய்விடும், மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தும் சிபாப் மெஷினைப் பரணில் போடலாம்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. எனக்கும் ஒரு ஈஎன்டி டாக்டர் இதைச் சொல்லித்தான் கத்தி வைத்தார். மூக்கு நன்றாகத் திறந்தது. அப்புறம் எடுத்த ஸ்லீப் ஸ்டடியில் (தூக்கத்தை அளக்கும் சோதனை) ஏஹெச்ஐ, அதாவது மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு, 38-இலிருந்து 35-க்கு வந்தது, அவ்வளவுதான். மணிக்கு 30 தடவைக்கு மேல் என்றாலே தீவிரம். தூக்கத்தில் மூச்சு நிற்பது தொண்டைத் தசை தளர்ந்து வழி மூடிக்கொள்வதால். அதை மூக்கில் வெட்டி எப்படிச் சரிசெய்வது?

மாம்பலம்வாசி:
அந்த "ஒருவர்" நான்தான், பெயரைச் சொல்லியே எழுதலாம். எனக்குப் போய்விட்டது. குறட்டையே இல்லை, வீட்டில் எல்லோரும் சாட்சி. உங்களுக்குப் பலிக்கவில்லை என்றால் உங்கள் டாக்டரிடம் போய்க் கேளுங்கள்.

காவிரிக்கரையான்:
குறட்டை நின்றதா, அப்னியா நின்றதா? ஆபரேஷனுக்கு அப்புறம் ஸ்லீப் ஸ்டடி எடுத்தீர்களா? ரிப்போர்ட் எங்கே?

மாம்பலம்வாசி:
நன்றாகத் தூங்குகிறவன் எதற்குத் தலையெல்லாம் ஒயர் ஒட்டிக்கொண்டு படுக்க வேண்டும்?

தூங்காவிழி:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். ஆபரேஷனால் மட்டும் அப்னியா போவது அபூர்வம், சரி. ஆனால் மூக்கு அடைத்திருந்தால் மெஷினைப் போடவே முடியவில்லையே! என் கணவருக்கு நடுராத்திரியில் மூக்கு அடைத்துக்கொள்கிறது. வாய் திறக்கிறது, காற்றெல்லாம் வாய்வழியே போகிறது, நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. தூக்கத்திலேயே மாஸ்க்கைப் பிடுங்கி எறிகிறார். நுரையீரல் டாக்டர் "மூக்கா, ஈஎன்டியைப் பாருங்கள்" என்கிறார். ஈஎன்டி டாக்டரோ "மெஷின் எழுதிக் கொடுத்தவரைக் கேளுங்கள்" என்கிறார். போன் எடுப்பவர் மெஷின் விற்றவர் மட்டும்தான். மெஷினின் காற்று பிரஷரைக் கூட்டச் சொல்கிறார். இதற்கு யாரிடம் போவது?

காவிரிக்கரையான்:
அம்மா, மூக்கு திறந்தால் மாஸ்க் போடுவது சுலபமாகும், மெஷினில் வைக்க வேண்டிய பிரஷரும் சிலருக்குக் குறையும். நான் மறுக்கவே இல்லை. அது வேறு, அப்னியா போவது வேறு. இவர் போய்விட்டது என்கிறார். ரிப்போர்ட்டைக் காட்டட்டும்.

நெல்லைச்சீமை:
எதற்கு இவ்வளவு சண்டை? படுக்கும்போது மூக்கடைப்புச் சொட்டு மருந்து விட்டால் விடியும்வரை திறந்திருக்கும். நான் வருஷக்கணக்காக விடுகிறேன்.

தூங்காவிழி:
அண்ணாச்சி, யாரும் இதைப் பின்பற்றிவிடாதீர்கள்! ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் சொட்டுகளைச் சில நாளுக்கு மேல் விட்டால், மருந்து இறங்கியதும் மூக்கு முன்பைவிட மோசமாக அடைக்கும். அப்புறம் அது இல்லாமல் இருக்கவே முடியாது.

நெல்லைச்சீமை:
நீங்கள் டாக்டரா? போன மாதம் ஹியூமிடிஃபையரில் (மெஷின் காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டி) ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாம் என்றதற்கும் இந்தக் காவிரிக்கரையான் என்னைக் கிழித்தார். இன்னும் மறக்கவில்லை.

காவிரிக்கரையான்:
மறுபடியும் சொல்கிறேன், ஊற்றக்கூடாது. மெஷினோடு வந்த புத்தகத்தில் டிஸ்டில்டு வாட்டர் என்றுதான் போட்டிருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள்.

மாம்பலம்வாசி:
பதில் இல்லாததால் தண்ணீருக்குத் தாவிவிட்டார்.

காவிரிக்கரையான்:
தாவவில்லை. 1981-இல் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் குழு சிபாப்பை அறிவித்தபோது மூக்கு வழியாகத்தான் காற்றைச் செலுத்தினார்கள். அந்தக் காற்றின் அழுத்தம் தொண்டையை மூடவிடாமல் தாங்கியது. காற்று போன வழி மூக்கு, அடைப்பு இருந்தது தொண்டையில். இது தெரியாமல் மெஷினைப் பரணில் போடச் சொன்னால், நம்பிப் போடுகிறவனின் ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் யார் பொறுப்பு?

மாம்பலம்வாசி:
போகிற வழியே அடைத்திருந்தால்? நீங்களே என் பக்கம் பேசுகிறீர்கள். நன்றி.

காவிரிக்கரையான்:
ரிப்போர்ட் எங்கே?

மாம்பலம்வாசி:
உங்களுக்குக் காட்ட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

தூங்காவிழி:
ஹியூமிடிஃபையர் சூட்டைக் கூட்டினால் அடைப்பு குறையுமா, வாயையும் மூடும் பெரிய மாஸ்க்குக்கு மாறலாமா? யாராவது சொல்லுங்களேன்.

காவிரிக்கரையான்:
சொல்கிறேன் அம்மா. முதலில் இவர் ரிப்போர்ட்டைப் போடட்டும்.