சொந்தக்கார மேசனா, ஊர் தெரியாத மேசனா?

புதுவீட்டுக்காரி:
பரந்தனுக்குக் கிட்ட ஒரு வீடு வாங்கி ஐந்து மாதம். போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியில் வந்த இந்திய வீட்டுத்திட்டக் காலத்தில் எழும்பிய வீடு, சீமெந்துக் கல் சுவர், ஓட்டுக்கூரை. வாங்கியது வைகாசியில், அந்த வெயிலில் எல்லாம் வடிவாகத்தான் தெரிந்தது. போன கிழமை பெய்த முதல் மழைக்கு அறைக்குள் மூன்று இடத்தில் வாளி வைத்தோம். யன்னல் மூலையில் இருந்து மேலே சரிந்து ஒரு வெடிப்பு ஓடுகிறது. கிணற்று மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை.

இவருடைய பெரியம்மாவின் மகன் மேசன். அவரையே பிடி என்று மாமி சொல்கிறா. எனக்குத் தயக்கம். ஆனால் வெளி ஆளும் பார்த்தாயிற்று. ஆவணியில் குளியலறை திருத்த ஒருவருக்கு 40,000 ரூபா முற்பணம் கொடுத்தேன். இரண்டு நாள் வந்தார், மூன்றாம் நாள் போன் ஓஃப். இன்னும் ஓஃப். நீங்கள் என்ன செய்தீர்கள்?

மாங்குளத்தான்:
தங்கச்சி, சொந்தக்காரரை மட்டும் வேலைக்கு விடாதீர்கள். என் வீட்டுக் குளியலறைத் தரையை என் மச்சான்தான் போட்டார். வாட்டம் பிழைத்துவிட்டது. தண்ணீர் ஓட்டைக்குப் போகாமல் கதவுக்கு வரும். சவர்க்கார நுரையோடு விறாந்தை வரைக்கும் வரும். கதவடியில் சாக்கு ஒன்று நாலு வருடம் கிடந்தது. அவரோ வீட்டுக்கு வரும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன மச்சான், தரை வடிவாக இருக்குதுதானே" என்பார். ஓம் என்பேன். வேறென்ன சொல்வது? அவர் கட்டார் போன பிறகுதான் இன்னொருவரைப் பிடித்து உடைத்துப் போட்டேன். லீவில் வந்தால் என்ன சொல்வது என்று இப்போதே யோசிக்கிறேன்.

வட்டக்கச்சி அக்கா:
அதெல்லாம் உங்கள் வாய்க்குள் கொழுக்கட்டை இருந்ததன் பிழை. அந்த 40,000 இப்போது எங்கே? ஊர் பேர் தெரியாதவனின் போன் ஓஃப் ஆனால் எந்தப் படலையில் போய் நிற்பது? சொந்தக்காரன் என்றால் அவன் தாயிடம் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். கணக்க ஒன்றும் கதைக்கத் தேவையில்லை. அடுத்த நாள் காலமை சாந்தகப்பையோடு ஆள் முற்றத்தில் நிற்பான். நான் இரண்டு தரம் செய்து பார்த்தது.

குளிர்தேசம்:
கனடாவில் இருந்து எழுதுகிறேன், அம்மாவின் வீடு முள்ளியவளையில். சொந்தம், அயல் என்ற கதையே தேவையில்லை. எழுத்தில் கொந்தராத்து. என்ன வேலை, என்ன சாமான், எத்தனை நாள் என்று தாளில் இருக்க வேண்டும். முற்பணமாகச் சாமான் காசு மட்டும், மிச்சம் வேலையின் கட்டத்துக்கு ஏற்ப. ஒவ்வொரு பின்னேரமும் வீடியோவில் பார்ப்பேன். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் திறந்தார்கள். அங்கே படித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு வெளியே வரும் பெடியள் இருக்கிறார்கள். அப்படியானவர்களைத் தேடுங்கள்.

இளநிக்கொப்பு:
அக்கா, சின்ன ஒழுக்குக்கு எல்லாம் ஆள் எதுக்கு? யூரியூப்பில் பார்த்து அண்ணையை ஏறச் சொல்லுங்கள். சிலிக்கன் பசை ஒன்று வாங்கி அடித்தால் சரி.

வட்டக்கச்சி அக்கா:
எங்கள் வீட்டு அண்ணையும் அப்படித்தான் ஏறினார். ஒரு ஓடு திருத்தப் போய் ஆறு ஓடு மிதித்து உடைத்தார். பிறகு இறங்கத் தெரியாமல் முகட்டில் குந்தியிருந்து என்னைக் கூப்பிட்டார்.

சாந்தகப்பை:
நான் மேசன். 22 வருடம் இந்த வேலை. எல்லாரும் எங்களைப் பற்றிக் கதைக்கிறீர்கள், எங்களிடம் ஒருத்தரும் கேட்கவில்லை.

முதலில் அந்த வீட்டின் கதை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, கட்டம் கட்டமாக வந்தது. வீட்டுக்காரரே முன்நின்று கட்ட வேண்டும். 2012 இற்குப் பிறகு வன்னியெங்கும் ஒரேயடியாக வீடு எழும்பியது. இருந்த மேசன்மார் காணாது. நேற்று வரை முட்டாளாக நின்றவன் (ஏச்சு இல்லை, மேசனின் கையாளுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) அடுத்த கிழமை மேசனானான். அவர்களில் நல்ல கைகாரரும் வந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனபடியால் சுவரைப் பார்த்துப் பதறாதீர்கள். யன்னலுக்கு மேலே போட்ட லின்ரல் (கொங்கிறீற் விட்டம்) இரண்டு பக்கமும் சுவருக்குள் போதிய அளவு ஏறாவிட்டால் மூலையில் இப்படி வெடிக்கும். அடியில் களிமண் என்றாலும் வெடிக்கும், அது கோடையில் சுருங்கி மாரியில் ஊதுகிற மண். வெடிப்பு முடிகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துத் திகதி எழுதுங்கள். தை மாதம் பாருங்கள். கோட்டைத் தாண்டவில்லை என்றால் சுரண்டிச் சாந்து போடலாம். தாண்டினால் அத்திவாரம் பார்க்க வேண்டும். அதற்கு முன் பூசச் சொல்கிறவன் உங்கள் காசைப் பூசுகிறான்.

கூரையில், தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். கைமரம் வழியாக ஓடி வந்து வேறெங்கோ சொட்டும். சோளகக் காற்றுக்கு ஓடு விலகியிருக்கும், அல்லது முகட்டு ஓட்டுச் சாந்து விட்டிருக்கும். சிலிக்கன் கதை வேண்டாம் தம்பி.

மோட்டரை மாற்றச் சொல்லி யாராவது கடைக்கு அனுப்பினால் போகாதீர்கள். கிணற்றில் கயிறு விட்டு அளந்து பாருங்கள். மேலே வைத்த மோட்டர் ஏறக்குறைய 25 அடிக்குக் கீழே இருந்து தண்ணீரை உறிஞ்சாது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும். மழை பிடிக்கும் வரைக்கும் கிணறு அடியில்தான் கிடக்கும். அளவு சரி என்றால், குழாயின் அடி நுனியில் இருக்கிற வால்வில் குப்பை.

இனி ஏன் நாங்கள் காணாமல் போகிறோம். ஐப்பசியில் எனக்கும் இரண்டு ஏக்கர் விதைப்பு இருக்கிறது. நீங்கள் எல்லாரும் வாளி வைத்த பிறகுதான் போன் எடுக்கிறீர்கள். ஆடியில் கூப்பிட்டால் நான் சும்மா இருப்பேன். அடுத்தது, ஏழரைக்கு வந்து நின்றால் மணல் வரவில்லை, ஏற்றப் பெர்மிட் கிடைக்கவில்லை என்பீர்கள். அந்த நாள் கூலியை யார் தருவது? அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். ஆனால் காசை வாங்கிக்கொண்டு போனை ஓஃப் பண்ணுகிறவன் களவாளி, அவனுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை.

குளிர்தேசம்:
இதுக்குத்தான் கொந்தராத்து என்கிறேன். நாட்கூலி என்றால் இரண்டு நாள் வேலை ஐந்து நாள் இழுபடும்.

சாந்தகப்பை:
புது மதில் கட்ட, தரை போடக் கொந்தராத்துச் சரி, அளந்து சொல்லலாம். பழைய கூரைக்கு எப்படிச் சொல்வது? ஓடு பிரித்தால்தான் அதைத் தாங்குகிற சலாகையில் கறையான் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும். பிரிக்காமல் கணக்குக் கேட்டால் பயத்தில் கூட்டித்தான் சொல்வேன். நீங்கள் அடித்துக் குறைப்பீர்கள். பிறகு நான் சீமெந்தில் குறைப்பேன். 2022 இல் சீமெந்து மூடை மூவாயிரத்தைத் தாண்டின நேரம் எத்தனை கொந்தராத்து அப்படிப் போனது என்று எனக்குத் தெரியும்.

குளிர்தேசம்:
சீமெந்தில் குறைப்பேன் என்று நீங்களே சொல்கிறீர்கள். அதைத்தானே நானும் சொல்கிறேன், தாள் இல்லாவிட்டால் எதை வைத்துக் கேட்பது?

சாந்தகப்பை:
தாளை வைத்தும் சாந்தை அளக்க ஏலாது. கதிரை போட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும். வீடியோவில் சாந்தின் நிறம் வடிவாகத்தான் தெரியும்.

மாங்குளத்தான்:
இது உண்மை. என் தரையும் போட்டோவில் நல்ல வடிவு.

புதுவீட்டுக்காரி:
கயிறு விட்டுப் பார்த்தோம், மோட்டரில் இருந்து தண்ணீருக்கு 29 அடி. நேற்று இவர் கடையில் புது மோட்டருக்கு விலை கேட்டுவிட்டு வந்திருந்தார், நல்ல காலம். வெடிப்பில் கோடு போட்டாயிற்று. மகள் பக்கத்தில் தன் பெயரையும் எழுதிவிட்டாள்.

பெரியம்மாவின் மகனை வரச் சொல்லியிருக்கிறேன், கூரைக்கு மட்டும், ஒரு நாள் கூலிக்கு. அவருக்கும் விதைப்பாம், ஞாயிறு ஒரு நாள்தான் வர முடியுமாம். நான் கதிரை போடுகிறேன். மாங்குளத்தான் அண்ணை, பிழை என்றால் அங்கேயே சொல்லிவிடுவேன். மாமி முகத்தைத் தூக்கினால் தூக்கட்டும். அந்த 40,000 காரரின் ஊர் தருமபுரம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. வட்டக்கச்சி அக்கா, அந்தப் பக்கம் உங்களுக்கு யாராவது சொந்தக்காரர் இருக்கிறார்களா?

வட்டக்கச்சி அக்கா:
பெயரைத் தனியே அனுப்பு பிள்ளை. தேத்தண்ணிக்கு ஆள் இருக்கும்.