குரோஷே துண்டு மேல போகப் போகக் குறுகுது, வழி சொல்லுங்க
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசமா யூடியூப் பார்த்து குரோஷே (கொக்கி ஊசியால நூல் பின்னுறது) பழகுறேன். 4 மி.மீ. ஊசி, நடுத்தரக் கனத்துல நூல். சங்கிலி, சிங்கிள் குரோஷேன்னு ரெண்டு அடிப்படைப் பின்னலும் கைக்கு வந்துடுச்சு. ஆனா நேரா ஒரு சதுரம் இன்னும் வரல. 20 கண்ணியில ஆரம்பிச்சா பத்தாவது வரிசையில 16தான் இருக்கு.

நேத்து ராத்திரி பிரிச்சு நிதானமாப் பார்த்தேன். வரிசை முடிச்சு, ஒரு சங்கிலி போட்டுத் திருப்புறப்போ, முதல் கண்ணி அந்தச் சங்கிலியோட அடியில ஒட்டிப் பதுங்கிக்குது. அதை விட்டுட்டு அடுத்ததுல குத்துறேன்னு நினைக்கிறேன். கடைசிக் கண்ணியும் அப்படியே தப்பிடுது. நூல் வேற அடர் நீலம், கண்ணியே தெரியல.

அமெரிக்க முறையில சிங்கிள்ங்கிறதை பிரிட்டிஷ் முறையில டபுள்னு சொல்றாங்க. அது தெரியாம ரெண்டு வீடியோவைக் கலந்து ஒரு வாரம் போச்சு. புதுசா வர்றவங்க இதை முதல்லயே பார்த்துக்குங்க.

முதல், கடைசிக் கண்ணியை நீங்க எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க? கண்ணியில அடையாளத்துக்கு மாட்டுற மார்க்கரை ஒவ்வொரு வரிசையிலும் மாத்தணுமா? விரலை நெருக்கமா, மெதுவாக் காட்டுற தமிழ் வீடியோ இருந்தா அனுப்புங்க. அம்மாவுக்கு என் கையால ஒரு சால்வை போட்டுத் தரணும்னு ரொம்ப ஆசை.