சின்ன வீட்டில் குழந்தைகளுக்கு ஒரு வாசிப்பு மூலை: எங்கே, எப்படி?

ஜன்னலோரம் கேட்டது:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு மூன்று. இருப்பது ஒரு ஹாலும் ஒரு படுக்கையறையும்தான், படிக்கவென்று தனி அறை ஒதுக்க வழியில்லை. புத்தகங்களுக்குக் குறைவில்லை, ஆனால் கிழித்துவிடுவார்களே என்று எல்லாவற்றையும் அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறோம், கேட்டால் எடுத்துக் கொடுப்போம், இப்போது கேட்பதே குறைந்துவிட்டது. இணையத்தில் தேடினால் கூடாரம், மினுமினு விளக்கு, சுவர் ஓவியம் என்று விதவிதமான படங்கள் வருகின்றன. அதெல்லாம் நிஜமாகவே வேண்டுமா? பிள்ளைகள் தாங்களாகப் போய் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். படுக்கையறையில் ஒரு மூலை காலியாக இருக்கிறது, ஹாலில் சோபாவுக்குப் பின்னால் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

ஏட்டுச்சுவடி:
சோபாவுக்குப் பின்னால் உள்ள இடம்தான், யோசிக்கவே வேண்டாம். நான் நூலகத்தில் சிறுவர் பிரிவில் வேலை பார்க்கிறேன். அங்கே நடுவில் போட்டிருக்கும் மேசைகளைவிட அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்துகளில்தான் பிள்ளைகள் போய் உட்காருவார்கள். முதுகுக்குப் பின்னால் சுவர் வேண்டும், பக்கத்தில் ஒரு மறைப்பு வேண்டும், ஆனால் பெரியவர்களின் குரல் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். இந்த வயதில் ஆளில்லாத அறைக்குத் தனியாகப் போய்ப் படிக்கும் பிள்ளைகள் குறைவு.

அதைவிட முக்கியம், புத்தகங்களை மேல் தட்டிலிருந்து இறக்குங்கள். அவர்கள் கைக்கு எட்டினால் போதாது, அட்டைப்படம் முன்பக்கம் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்குப் புத்தகத்தின் முதுகில் உள்ள எழுத்தால் எந்தப் பயனும் இல்லை, அட்டையில் இருக்கும் யானையைப் பார்த்துத்தான் எடுக்கும். அலமாரிக்கு முன்னால் நின்று படத்தை விரலால் ஒரு தடவு தடவி, உருவி எடுத்து, இரண்டடி தள்ளியிருக்கும் மெத்தைக்குக்கூடப் போகாமல் நின்ற இடத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடும். அதனால் மெத்தையும் புத்தகமும் ஒட்டி இருக்கட்டும். படச்சட்டம் வைக்கிற குறுகலான பலகைகள் இருக்கின்றனவே, முன்பக்கம் சின்னத் தடுப்போடு, அவற்றில் இரண்டைச் சுவரில் தாழ்வாக அடித்தால் முடிந்தது. பத்துப் பதினைந்து புத்தகம் வெளியே இருக்கட்டும், மீதியை உள்ளே வைத்துவிட்டு அவ்வப்போது மாற்றுங்கள். சில வாரம் கண்ணில் படாமல் இருந்த புத்தகம் திரும்ப வரும்போது புதுசு வாங்கிய மாதிரிதான் பாய்ந்து எடுப்பார்கள்.

அகல்விளக்கு:
இடம் சரி, ஆனால் சோபாவுக்குப் பின்னால் கட்டாயம் இருட்டாக இருக்கும். கூரை விளக்கை மட்டும் நம்பினால் குனிந்து படிக்கும்போது தலையின் நிழல் பக்கத்தின் மேலேயே விழும். தோளுக்குப் பின்னாலிருந்து, கொஞ்சம் பக்கவாட்டில் வெளிச்சம் வர வேண்டும். பல்பு வாங்கும்போது அட்டையில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருப்பதைப் பாருங்கள், அது இதமான மஞ்சள் வெளிச்சம். விளக்கு பக்கத்திலேயே இருப்பதால் வெளிச்சத்தின் அளவு 450 லூமன் இருந்தால் போதும், பல்பு நேராகக் கண்ணில் படாதபடி ஒரு மூடி வேண்டும். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு இதை மட்டும் எரிய விடாதீர்கள், சுற்றிலும் இருட்டாக இருந்தால் கண் சீக்கிரம் களைத்துவிடும். புத்தகத்துக்கும் கண்ணுக்கும் 30 செ.மீ. இடைவெளியாவது இருக்கிறதா என்றும் கவனியுங்கள். நல்ல வெளிச்சத்திலும் பிள்ளை மூக்கு உரசுகிற மாதிரி வைத்துப் படித்தால் கண் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

அப்புறம் அந்த மினுமினு விளக்குகள். அவற்றில் பல பொத்தான் பேட்டரியில் ஓடுபவை. அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணாகிவிடும். மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் தயவுசெய்து அது வேண்டாம்.

கதைகேட்பான்:
மேலே சொன்ன இரண்டும் சரி, ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. ஓர் ஆள் உட்காரும் இடம் போதாது. சின்னவனுக்கு நீங்கள்தான் படித்துக் காட்டப் போகிறீர்கள், பக்கத்தில் நீங்களும் காலை நீட்டி வசதியாக உட்கார முடியாவிட்டால் இரண்டு பக்கத்திலேயே முதுகு வலித்து எழுந்துவிடுவீர்கள். சோபாவைக் கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள், ஹால் சுருங்கினால் சுருங்கட்டும். பிறந்ததிலிருந்தே குழந்தைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-இலேயே பெற்றோருக்குச் சொல்லிவிட்டது. குழந்தை முதலில் புத்தகத்தை விரும்புவது மடியிலும் தோளிலும் சாய்ந்துகொண்டுதான், அதனால் அந்த மூலையின் அளவை உங்கள் உடம்பை வைத்து முடிவு செய்யுங்கள்.

கூடாரமெல்லாம் அவசியமில்லை. பழைய போர்வையைச் சோபா முதுகிலிருந்து இழுத்துக் கட்டிக்கொள்ள மகளிடமே விட்டுவிடுங்கள், அவள் கட்டியதில் அவள் உட்காருவாள். அடம் பிடித்தால் “போய் அங்கே உட்கார்” என்று அந்த இடத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள், வீட்டுப்பாடத்தையும் அங்கே கொண்டுபோக வேண்டாம். நின்றபடி இருக்கும் அலமாரி எதையாவது அங்கே நகர்த்தினால் சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டுவிடுங்கள், சின்னவன் தட்டில் கால் வைத்து ஏறத்தான் செய்வான்.

ஜன்னலோரம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சோபாவைத் தள்ளிப் பார்த்தோம், இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். கிழிக்கிற விஷயம்தான் இன்னும் பயமாக இருக்கிறது. அக்காவின் கதைப் புத்தகத்தைத் தம்பி கிழித்துவிட்டால் வீடு இரண்டாகிவிடும்.

ஏட்டுச்சுவடி:
கீழ்ப் பலகையில் பக்கங்களே கெட்டி அட்டையாக இருக்கும் புத்தகங்கள், மேல் பலகையில் அவளுடையவை. பாதி படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தை மட்டும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் வைத்துக்கொள்ளட்டும், அதைத் தம்பி தொடக் கூடாது என்று நீங்களும் அவள் பக்கம் நில்லுங்கள். கிழிந்தால் ஒளித்து வைக்காமல் அவனையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒட்டுங்கள், பக்கத்தை விரலால் அழுத்திப் பிடிக்கிற வேலையை அவனிடம் கொடுங்கள். சாதாரண செல்லோடேப் நாளாக ஆக மஞ்சளாகிப் பிசுபிசுக்கும், அமிலமில்லாத புத்தக டேப் என்று கேட்டு வாங்குங்கள். அந்தச் சுவரில் ஈரம் இறங்குகிறதா என்று மட்டும் கையை வைத்துப் பார்த்துவிடுங்கள், இறங்கினால் பலகையை எதிர்ச் சுவருக்கு மாற்றிக்கொள்ளலாம்.